குழி குடித்த தண்ணீர்

முப்பத்தோரு வருஷம் எடை அளவு இன்ஸ்பெக்டராக இருந்த ஒரு மனிதர், விடியற்காலை ஐந்து மணிக்குத் தோட்டத்தில் ஒரு குழிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஊன்றுகோல் நுனியில் குளியலறை மக்கைக் கட்டி, குழித் தண்ணீரைத் திருடினார் என்றால் யாராவது நம்புவார்களா? திருடிய அவருக்கே நம்ப முடியவில்லை. ஏன் திருடினார் என்று தெரிய வேண்டுமானால் முந்தின நாளிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அது ஒடுக்கமான வீடு. கீழே முன்பக்கம் சமையலறை, நடுவில் குளியலறை, பின்பக்கம் ஓர் அறை. அதற்கும் பின்னால் தோட்டம் என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு களிமண் துண்டு. மற்றதெல்லாம் மாடியில். இன்ஸ்பெக்டருக்கு இடது கால் இழுத்துப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. மாடிப்படி அவருக்கு இனிமேல் இல்லை. ஆகவே பின்னறைதான் அவருடைய உலகம். மழை வந்தால் கூரைத் தண்ணீர் மொத்தமும் தோட்டத்தில் விழும். களிமண் அதில் ஒரு சொட்டையும் உள்ளே விடாது. தேங்கித் தேங்கி, வாசல்படி ஏறி, நேரே அவர் கட்டிலுக்கு வந்துவிடும்.

போன மழையில் கணுக்கால் அளவு வந்தது. இறங்கி, தரையில் இருந்த ரேடியோவைக் காப்பாற்றப் போனவர் வழுக்கி விழுந்தார். மகள் மருந்துக்கடை வேலை முடிந்து வரும்வரை மூன்று மணி நேரம் தண்ணீரிலேயே கிடந்தார். எலும்பு முறியாதது யார் செய்த புண்ணியமோ. மகள் வந்து பார்த்தவள், அவரைத் தூக்க வேண்டும் என்பதையே மறந்து, பக்கத்தில் தண்ணீரிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

அதற்குப் பிறகுதான் ரசமட்டத்தைக் கூப்பிட்டாள். அவர் குழாய் வேலை, வடிகால் வேலை பார்ப்பவர். மட்டம் பார்க்கிற ரசமட்டக் கருவி எப்போதும் பின்பாக்கெட்டில் இருக்கும். எங்கே போனாலும் எடுத்து வைத்துப் பார்ப்பார், டீ கொடுத்தால் டீ மேஜையின் மேல்கூட. அதனால் அந்தப் பெயர். வந்த அன்றே இன்ஸ்பெக்டர் அவருடைய அளவு நாடாவை வாங்கித் தன்னுடைய இரும்பு ஸ்கேலோடு வைத்துப் பார்த்து, "உங்க டேப்பு ரெண்டு மில்லி இழுக்குது" என்றார். ரசமட்டம் சும்மா இருப்பாரா? "உங்க நாற்காலி மூணு மில்லி சாயுது ஐயா. அதான் உங்களுக்கு எல்லாம் கோணலாத் தெரியுது" என்றார். அந்த நிமிஷமே இரண்டு பேருக்கும் ஒத்துப்போய்விட்டது.

ரசமட்டம் சொன்ன வழி உறிஞ்சுகுழி. கூரைத் தண்ணீரைக் குழாயில் பிடித்து, சுவரை விட்டுத் தள்ளி ஒரு பெரிய குழியில் விட வேண்டும். குழி நிறையக் கருங்கல் ஜல்லி. ஜல்லிக்கு நடுவே தண்ணீர் நிற்கும், மண் மெல்ல மெல்ல அதைக் குடிக்கும்.

"ஆனா இது களிமண்ணு" என்றார் ரசமட்டம். "முதல்ல மண்ணைக் கேக்கணும், நீ குடிப்பியா மாட்டியான்னு. அது சொன்னப்புறம்தான் மத்ததெல்லாம்."

மண்ணைக் கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. ஓர் அடிக்கு ஓர் அடி சதுரமாக, முழங்கால் ஆழத்துக்கு ஒரு சோதனைக் குழி வெட்டினார். மண்வெட்டி பட்ட இடமெல்லாம் களிமண் வழவழவென்று மூடிக்கொள்ளும், அதுவே தண்ணீரை மறித்துவிடும் என்று நாலு பக்கமும் ஆணியால் கீறிவிட்டார். காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை தண்ணீர் விட்டு மண்ணை ஊறவைத்தார். காய்ந்த களிமண் வெடிப்பு வழியாகத் தண்ணீரை விழுங்கி ஆளை ஏமாற்றிவிடுமாம். சாயங்காலம் ஆறு மணிக்கு, அளவு குறித்த ஒரு குச்சியை நட்டு, நாற்பது சென்டிமீட்டர் வரை நிரப்பினார்.

"காலையில எட்டு மணிக்கு வர்றேன். இருபதுக்கு இறங்கியிருந்தா குழி போட்டுடலாம். முப்பத்தஞ்சு, முப்பத்தெட்டுன்னு நின்னுச்சுன்னா மண்ணு கையை விரிச்சுடுச்சுன்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. கெட்டது ஏழு மணிக்கு. சமையலறையில் மகள் அவளுடைய தம்பியோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். குளியலறைக்குப் போய்க்கொண்டிருந்த இன்ஸ்பெக்டர் காதில் முழுசாக விழுந்தது.

"இல்லடா, முடிவு பண்ணிட்டேன். நாளைக்குக் குழி தேறலைன்னா அப்பா அங்கயே வந்துடட்டும். பின்ன என்ன பண்றது? இன்னும் ஒரு மாசத்துல மழை ஆரம்பிச்சுடும். நீ டிக்கெட் பாரு."

இன்ஸ்பெக்டர் குளியலறைக்குப் போன வேலையை மறந்து அறைக்குத் திரும்பிக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். மகன் வீட்டில் முன்பு இருபது நாள் இருந்து பார்த்தவர் அவர். ஏழாவது மாடி. திறக்காத ஜன்னல். காலையில் இரண்டு பேரும் வேலைக்குப் போனால் சாயங்காலம் வரை குளிர்சாதனப் பெட்டி ஒன்றுதான் உறுமிக்கொண்டிருக்கும். மகன் நல்லவன். மருமகள் அதைவிட நல்லவள். குறை சொல்ல ஒன்றுமே இல்லாத அந்த வீட்டில் அவருக்கு மூச்சு முட்டியது. இங்கே அப்படியா? தெருவில் காய் வண்டி வந்தால் தராசைச் சரிபார்க்கச் சொல்லிச் சண்டை பிடிப்பார். காய்காரரும் விடாமல் திருப்பிப் பிடிப்பார். மகளோடு காலையில் உப்புக்கு ஒரு சண்டை, ராத்திரியில் மாத்திரைக்கு ஒரு சண்டை. அவர் உயிரோடு இருப்பதே அந்தச் சண்டைகளில்தான்.

மகளையே கூப்பிட்டு, "என்னம்மா, என்னை அனுப்பறியாமே?" என்று கேட்டிருக்கலாம். வாயை எதற்கு வைத்துக்கொண்டிருக்கிறோம்? ஆனால் ஊரிலுள்ள கடைக்காரரை எல்லாம் வாய்க்கு வந்தபடி கேள்வி கேட்ட மனிதருக்குச் சொந்த மகளிடம் ஒரு கேள்வி கேட்க நாக்கு எழவில்லை. 'நான் அவளுக்குப் பாரமாகிவிட்டேன்' என்று தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொண்டு படுத்தார். தூக்கம் வந்தால்தானே.

ஐந்து மணிக்கு எழுந்து, சத்தம் போடாமல் பின்கதவைத் திறந்து தோட்டத்துக்குப் போனார். வெளுக்கத் தொடங்கியிருந்தது. குனிந்து குச்சியைப் பார்த்தார். முப்பத்தொன்று. ஒன்பது சென்டி இறங்கியிருந்தது. அட, பரவாயில்லையே! களிமண் என்று எல்லோரும் சேர்ந்து இந்த மண்ணை எவ்வளவு கேவலப்படுத்தினோம், பாவம் அது தன்னால் ஆனதைச் செய்திருக்கிறதே என்று நெகிழ்ந்துபோனார். ஆனால் முப்பத்தொன்று போதாது. மூன்று மணி நேரத்தில் இன்னும் பதினொன்று இறங்குமா? இறங்காது. அந்தப் பாக்கியை மண்ணுக்காக யாராவது முடித்துக் கொடுத்தால் என்ன?

இப்படித்தான் ஒவ்வொரு கடைக்காரனும் ஆரம்பித்திருப்பான் என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துகொண்டேதான் போய் மக்கை எடுத்து வந்தார்.

அந்த மக் சரியாக ஒரு லிட்டர். வாங்கிய அன்றே அளந்து பார்த்திருக்கிறார். குழியின் பக்கம் முப்பதுக்கு முப்பது. ஒரு மக் எடுத்தால் ஒரு சென்டிக்குக் கொஞ்சம் கூடுதலாக இறங்கும். பதினொன்று இறங்கப் பத்து மக். கால் மடங்காததால் மக்கை ஊன்றுகோலில் கயிறு போட்டுக் கட்டி, நாற்காலியில் இருந்தபடியே மொண்டு, வேலியோரச் செடிகளுக்கு ஊற்றினார். குழி ஓரத்தில் ஒரு சொட்டுச் சிந்தவில்லை. திருட்டிலும் அவ்வளவு சுத்தம். பத்தாவது மக் எடுத்ததும் குச்சி சரியாக இருபது காட்டியது. பத்தொன்பதாக ஆக்கியிருந்தால் இன்னும் பத்திரம்தான். ஆனால் இருபது என்றால் இருபது. அதற்கு மேல் ஒரு துளியும் எடுக்கக் கூடாது என்று ஒரு நியாயம் வேறு பேசிக்கொண்டார்.

எட்டு மணிக்கு ரசமட்டம் வந்தார். மகளும் டீயை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். ரசமட்டம் குத்துக்காலிட்டுக் குச்சியைப் பார்த்தார்.

"இருபது."

"இருபதா?" என்றாள் மகள். "எப்படி இருபது?"

"எப்படின்னா? மண்ணு குடிச்சிருக்கு" என்று இன்ஸ்பெக்டர் அவசரமாகச் சொன்னார். மகள் அவரைப் பார்த்தாள், குழியைப் பார்த்தாள், ரசமட்டத்திடம் டீயை நீட்டினாள். தேறிவிட்டது என்றதும் இவள் முகம் ஏன் இப்படிப் போகிறது, டிக்கெட் வீணாகிவிட்டதே என்றா? அவருக்கு மனசு கசந்தது.

ரசமட்டம் மட்டும் அசையவில்லை. குழிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து டீயைக் குடித்தார். ஜல்லியைப் பற்றிப் பேசினார், குழாயைப் பற்றிப் பேசினார், பக்கத்துத் தெருவில் ஒருத்தர் உறிஞ்சுகுழியை மூடாமல் விட்டு அதில் தானே விழுந்த கதையைச் சொன்னார். கண் மட்டும் குச்சியை விட்டு நகரவில்லை. மணி ஒன்பது ஆயிற்று.

"ஐயா, ஒரு சந்தேகம். ராத்திரி பதினாலு மணி நேரத்துல இருபது இறங்கியிருக்கு. மணிக்கு ஒண்ணரை வெச்சுக்கலாம். நான் வந்து ஒரு மணி நேரம் ஆச்சு. ஒரு முடி அளவுகூட இறங்கலையே?"

"காலையில அதுக்குப் பசி இருக்காது" என்றார் இன்ஸ்பெக்டர்.

ரசமட்டம் சிரிக்கவில்லை. பாக்கெட்டிலிருந்து நோட்டை எடுத்தார். "உங்க வீடு, உங்க குழி. இருபதுன்னு எழுதச் சொன்னா எழுதிடறேன். இருபதுக்குச் சின்னக் குழியே போதும், இந்த வாரமே முடிச்சுடலாம். ஆனா ஒண்ணு. கணக்கு தப்பா இருந்து மண்ணு குடிக்கலைன்னு வைங்க, மொத மழையிலயே குழி ரொம்பிடும். கூரைத் தண்ணி பூராவையும் குழாய் போட்டு நாமளே ஓர் இடத்துல கொண்டுவந்து கொட்டியிருப்போம். அது அப்படியே திரும்பி ரூமுக்குள்ளதான் வரும். போன தடவை கணுக்கால்னா இந்தத் தடவை முழங்கால். எழுதவா?"

தான் தண்ணீரில் மறுபடி விழுவது இன்ஸ்பெக்டருக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. மருந்துக்கடையிலிருந்து திரும்பிக் கதவைத் திறக்கிற மகளின் முகம்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது. அன்றைக்கு அவள் அழுத அழுகையை இன்னொரு தடவை அவளுக்குக் கொடுக்க அவரால் ஆகாது. ஏழாவது மாடி அதற்குத் தேவலை.

"எழுதாதீங்க. நான்தான் மொண்டேன். பத்து மக்."

"அப்பா!" என்றாள் மகள்.

"காலையில அஞ்சு மணிக்கு. கம்புல கட்டி எடுத்தேன்." சொல்லும்போதே காது மடல் சிவந்துவிட்டது. ஆனாலும் பழக்கம் விடவில்லை. "பத்து மக்குன்னா பதினொரு சென்டி. நான் வந்தப்போ முப்பத்தொண்ணு. ஆக, மண்ணு குடிச்சது ஒன்பது. அதை எழுதிக்கோங்க."

"அதையும் எழுத முடியாதுங்க" என்றார் ரசமட்டம். "நீங்க எடுத்து நிறுத்தினப்போ இருபது, மணி அஞ்சு. இப்ப மணி ஒன்பது, அதே இருபது. நாலு மணி நேரமா ஒரு சொட்டு குடிக்காத மண்ணு, அதுக்கு முன்னாடி மட்டும் ஒன்பது சென்டி எப்படிக் குடிக்கும்?"

இன்ஸ்பெக்டருக்குள் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்த ஆள் எழுந்து உட்கார்ந்தான். "அதானே! அப்ப ஒன்பது சென்டி இடிக்குது. முப்பதுக்கு முப்பது, ஒன்பது உயரம்... எட்டு லிட்டர். எட்டு லிட்டர் எங்க போச்சு? கேட்டு பூட்டியிருக்கு. நாய் பூனை எதுவும் இவ்வளவு குடிக்காது. எட்டு லிட்டர்னா சரியா எட்டு..."

அங்கே நின்றுவிட்டார். அந்த வீட்டில் மக் ஒன்றுதான்.

மெதுவாகத் திரும்பி மகளைப் பார்த்தார். அவள் டீ தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு திருதிருவென்று நின்றாள்.

"எட்டுதான்" என்றாள். "படுக்கப் போறதுக்கு முன்னாடி, கேட்டைத் திறந்து வெளிப்பக்கமா சுத்தி வந்து எடுத்தேன். இருபதுக்குக் கொண்டுவரணும்னுதான் வந்தேன். எட்டுக்கு மேல கை வரலைப்பா. உங்க பொண்ணாப் பொறந்து தொலைச்சுட்டேனே."

"நீ எதுக்கும்மா எடுத்தே?"

"நீங்க எதுக்கு எடுத்தீங்க?"

"குழி தேறலைன்னா என்னை அனுப்பிடுவேன்னியே. கேட்டுட்டேன்."

"கேட்டீங்கல்ல? கேட்டவரு உள்ள வந்து, ஏண்டி அப்படிச் சொன்னேன்னு ஒரு வார்த்தை என்னைக் கேட்டா என்ன?" சண்டைக்கு வருகிற மாதிரிதான் ஆரம்பித்தாள். பாதியிலேயே குரல் உடைந்தது. "மூணு மாசமா அவன் நச்சரிக்கிறான். அப்பாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா நீதான் பொறுப்புங்கறான். அவன் சொல்றதுலயும் தப்பு இல்லை. அன்னைக்கு உங்களைத் தண்ணிக்குள்ள பார்த்ததுலேர்ந்து நான் ஒரு நாள் நிம்மதியா வேலைக்குப் போனதில்லை. வானம் இருட்டினா மருந்துச் சீட்டுல எழுத்தே தெரியறதில்லை எனக்கு. அனுப்பறதுதான் சரின்னு தெரியுது, மனசு கேக்க மாட்டேங்குது. குழி தேறிடுச்சுன்னா அவன்கிட்ட சொல்ல எனக்கு ஒரு காரணம் கெடைக்கும்ல? அதுக்குத்தான் எடுத்தேன்."

எடைக்கல்லின் ஈயத்தைச் சுரண்டி எடுத்தவர்கள், தராசுத் தட்டின் அடியில் புளி ஒட்டியவர்கள், அளவுப் படிக்கு இரட்டை அடி வைத்தவர்கள் என்று இன்ஸ்பெக்டர் எத்தனையோ பேரைக் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறார். ஒருத்தரைப் பிடித்ததற்காக இவ்வளவு சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை.

"நீ என்னைப் பாரமா நெனைக்கிறேன்னு நெனைச்சேன்மா."

"பாரம்தான். யார் இல்லைன்னா? அதுக்காக?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள் மகள்.

ரசமட்டம் தொண்டையைச் செருமினார். நோட்டில் ஒரு கோடு போட்டு மூடினார். "ஆக, பதினெட்டு மக்கும் வீட்டு ஆளுங்க எடுத்தது. மண்ணு குடிச்சது ஒண்ணும் இல்லை. அக்கா, இங்க உறிஞ்சுகுழி எடுபடாது. குடிக்காத மண்ணோட நாம மல்லுக்கட்ட முடியாது. வேணும்னா வேலி ஓரமா ஒரு வாய்க்கா வெட்டி ஜல்லி போட்டு விடறேன். வர்ற தண்ணி கொஞ்சம் மட்டுப்படும். ஆனா வராம இருக்காது."

மகள் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு வீட்டைப் பார்த்தாள். பின்னறைக் கதவு, நடை, அதற்கு அந்தப்பக்கம் தெருவைப் பார்த்த சமையலறை.

"அண்ணே, சமையலறைக் குழாயைப் பின்னாடி ரூமுக்குக் கொண்டுவர எத்தனை நாள் ஆகும்?"

"மூணு நாள். எதுக்கு?"

"சமையலைப் பின்னாடி மாத்திட்டு, அப்பாவை முன்னாடி கொண்டுபோயிடறேன். முன்பக்கம் ஒரு படி உசரம். இத்தனை வருஷத்துல அங்க தண்ணி வந்ததே இல்லை."

"மழைக்கு மழை அடுப்படியில தண்ணி நிக்குமே அக்கா. நின்னுக்கிட்டுச் சமைப்பீங்களா?"

"நிக்கட்டும். அடுப்பு வழுக்கி விழாது."

ரசமட்டம் நாடாவை எடுத்துக்கொண்டு அறையை அளக்க எழுந்தார். "இப்ப இருக்கற மேடையை விட அரை அடி தூக்கிக் கட்டணும்" என்று தனக்குள் முணுமுணுத்தார். "ரெண்டு மில்லி கழிச்சுக்கோங்க" என்று இன்ஸ்பெக்டர் ஞாபகப்படுத்தினார்.

மகள் போனை எடுத்தாள். உள்ளே போகவில்லை. குழிக்குப் பக்கத்தில், அப்பாவின் நாற்காலிக்கு எதிரிலேயே நின்று தம்பியைக் கூப்பிட்டாள்.

"குழி தேறலைடா... ஆமா, சுத்தமா இல்லை. ஒரு சொட்டுகூட இறங்கலை... இரு, டிக்கெட் போடாதே. அப்பா வரலை... காரணமா? காரணம் ஒண்ணும் இல்லை. எனக்கு அவரை அனுப்ப மனசில்லை. அவ்வளவுதான். நீ வேணும்னா மாசத்துக்கு ஒரு தடவை வந்து பார்த்துட்டுப் போ."

இன்ஸ்பெக்டர் மூக்கை அழுந்தத் துடைத்துக்கொண்டு, அறை வாசலில் நாடாவோடு நின்ற ரசமட்டத்தைப் பார்த்தார்.

"கேட்டீங்களா?"

"எதை ஐயா?"

"என் பொண்ணு இப்ப சொன்னதை."

"கேட்டேன்."

"சரியாக் கேட்டீங்களா?"

"சரியாக் கேட்டேன் ஐயா. அனுப்ப மனசில்லைன்னு சொன்னாங்க."

இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டினார். அவருக்கு அதை இன்னொருத்தர் வாயாலும் ஒரு தடவை கேட்க வேண்டியிருந்தது.